கண்டி ராஜாவுக்கு நான் சோறு போட்டேன்

எழுத்து எனக்குக் கோணல்மாணலாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நிறுத்திக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எழுதினதெல்லாம் கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் துண்டுதான். மறதி வேறு வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்டியை ஆண்ட கடைசி ராஜாவுக்கு என் கையால் சோறு போட்டு, அவர் சாப்பிடும்போது எதிரே நின்று நான் கேள்வி கேட்டேனே, அதை மட்டும் மறக்கவில்லை. இதை எழுதும்போதே கை பரபரக்கிறது.

ராஜா செத்து நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்று எனக்கும் தெரியும். எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஹட்டன் பக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க மேலே ஏற வேண்டும். மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். வழக்கமாகப் புராணக் கதைதான். அந்த வருஷம் நாடக வாத்தியார் கண்டி ராஜா கதையை எடுத்தார். அந்த ராஜாவைப் பற்றி நல்ல பெயர் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு பிரதானி மேல் கோபம் வந்து அவருடைய சின்னப் பிள்ளைகளை வெட்டச் சொன்னவர். அந்தப் பிள்ளைகளைப் பெற்ற தாயையே அவர்கள் தலையை உரலில் போட்டு இடிக்க வைத்தவர். கடைசியில் வெள்ளைக்காரன் பிடித்துக் கப்பலில் ஏற்றி, அவர் பூர்வீகமான இந்தியாவுக்கே அனுப்பிவிட்டான். இப்பேர்ப்பட்ட ராஜா வேஷம் என் மாமனாருக்குக் கிடைத்தது. அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் ஒரே சீராக வெட்டிக்கொண்டே அவர் ஒரு சத்தம் கொடுத்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலையில் கேட்கும். அந்தக் குரலுக்காகத்தான் வேஷம்.

மரக்கத்தி செய்து கொடுத்தவர் கீழ்க் கிராமத்துச் சிங்களத் தச்சர், பாஸ் என்று கூப்பிடுவோம். கத்தியைக் கொடுத்துவிட்டு மாமாவை ஏற இறங்கப் பார்த்து, "அந்த ரஜ்ஜுருவோ இருக்காரே, அந்த ராஜா ரொம்பப் பொல்லாத ஆளு. ஒங்க மூஞ்சிக்கு அது சரியா வரும்" என்றாராம். மாமா அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி என் கவலையைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கமும் பேசி, இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்களான எங்களைப் பங்கு போட்டுக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இங்கே என்று. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ராப்பகலாக அதே பேச்சு. திருவிழாவைப் பற்றிப் பேசக் கோயிலில் கூட்டம் கூடியபோது மாமா எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லிவிட்டார்:

"எவன் வந்தாலும் வராட்டியும் நான் இந்தியாவுக்குப் போறேன். எங்க ஊரு, எங்க மண்ணு. திருவிழா முடிஞ்ச மறுநாளே ஹட்டனுக்குப் போயி, எங்க குடும்பத்துப் பேரக் குடுத்துட்டு வந்துர்றேன்."

எங்கள் குடும்பம் என்றால் மாமா, என் வீட்டுக்காரர், நான். மாமியார் அதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். என் அம்மா உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணனோடு இருந்தாள். அவர்கள் போகப்போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் கடல் தாண்டினால் அம்மாவை இனிப் பார்க்கவே முடியாது. அம்மாவுக்கு அப்போதே கண் மங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரரிடம் அழுதேன். "நீங்க சொல்லுங்க, கேப்பாரு" என்றேன்.

"எப்பிடிச் சொல்றது? கோயில்ல வச்சு, அத்தன பேரு முன்னால சொல்லிட்டாரே" என்றார். அவர் நல்லவர். ஆனால் அப்பா எதிரே வாய் திறக்க மாட்டார்.

நானோ மாமாவிடம் பேசியதே கிடையாது. மருமகள் மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுவது எங்களிடம் வழக்கமில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கோழியிடம் சொல்வதுபோலச் சொல்வேன். "ஏ கோழி, தண்ணி கொதிச்சிருச்சு, குளிக்கிறவங்க குளிக்கலாம்" என்பேன். மாமா துண்டை எடுத்துக்கொண்டு போவார். இந்தியா விஷயத்தைக் கோழியிடம் எப்படிச் சொல்வது?

லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில், ஒற்றை அறை வீட்டில், ஓர் அக்கா இருந்தாள். வாய்க்குப் பயமில்லாதவள். கொழுந்து பறிக்கும்போது எனக்கு அடுத்த நிரையில் நிற்பாள். ஒரு நாள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, மூஞ்சிய ஏன் நனைஞ்ச சாக்காட்டம் வச்சிருக்கே?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"மாமாகிட்ட பேசிற வேண்டியதுதானே?"

"ஐயோ, நானாக்கா! எப்பிடிக்கா?"

அக்கா கொழுந்தைக் கூடையில் போட்டுவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அடி கூறு கெட்டவளே. மாமாகிட்ட பேச வேணாம். ராஜாகிட்ட பேசு."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் மேலெல்லாம் சிலிர்த்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. ராஜபார்ட் வேஷம் கட்டுகிறவர் சாயங்காலமே அரிதாரம் பூசிக்கொண்டு, கிரீடம் வைத்து, தன் வீட்டுக்கு வந்து இலை போட்டுச் சாப்பிட வேண்டும். அங்கிருந்து மேளத்தோடு மேடைக்குக் கூட்டிப்போவார்கள். அரிதாரம் முகத்தில் ஏறினது முதல் அதைக் கழுவுகிற வரைக்கும் அவரை உறவு முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெற்ற தாயாக இருந்தாலும் மகாராஜா என்றுதான் சொல்ல வேண்டும். அவரும் ராஜாவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். யாராவது தவறி அப்பா, மாமா என்று சொல்லிவிட்டால் வேஷத்தைக் கலைத்து, அம்மனுக்குத் தேங்காய் உடைத்து, திரும்ப முதலிலிருந்து பூச வேண்டும். சோறு போடுவது அந்த வீட்டுப் பெண். மாமியார் இல்லாததால் அந்த வருஷம் நான்தான். அதுவும் கதவுக்குப் பின்னால் ஒளியாமல் எதிரே நின்று பரிமாற வேண்டும்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. பயம் ஒரு பங்கு என்றால் குதூகலம் மூன்று பங்கு. கொழுந்து பறிக்கும்போது மனதுக்குள் ராஜாவோடு பேசிப் பார்ப்பேன். "மகாராஜா, உங்களுக்கு வணக்கம்" என்று தொடங்குவேன். அவர் கண்ணை உருட்டி, "யாரங்கே, இவளை உரலில் போடுங்கள்" என்பார். மறுபடி வேறு மாதிரித் தொடங்குவேன். இந்த யோசனையில் முற்றின இலையெல்லாம் பறித்துப் போட்டுக் கங்காணியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "என்னா, இன்னிக்கு மாட்டுக்கா பறிக்கிறே?" என்று கூடையைக் கிளறிக் காட்டினார். நிரையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். அவர்களுக்கும் விஷயம் தெரிந்திருந்தது. அக்கா வாய் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு கேள்வி எடுத்துக் கொடுத்தார்கள்.

"ராஜாவுக்கு எத்தன பொஞ்சாதின்னு கேளுடி!"

"சம்பளம் கூட்டித் தரச் சொல்லு!"

"கங்காணிய மொதல்ல உரல்ல போடச் சொல்லு!"

திருவிழா வந்தது. எங்கள் குளிருக்கு வாழை சரியாக வராது. கீழே கினிகத்தேனைப் பக்கமிருந்து ஹட்டன் கடைக்கு வருகிற இலையை என் வீட்டுக்காரர் வாங்கி வந்தார். பஸ் நெரிசலில் பாதி கிழிந்திருந்தது. ராஜாவுக்குக் கிழிசல் இலையா என்று நான் அவரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு துண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துச் சமாளித்தோம். விரதச் சாப்பாடு. சோறு, பருப்பு, முட்டைக்கோவாப் பொரியல், உருளைக்கிழங்குக் கறி, அப்பளம், பாயாசம். அடுப்பு வேறு புகைந்துகொண்டே இருந்தது. எனக்குக் கண் எரிந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலை ஒட்டின இஸ்தோப்பில் காலடிச் சத்தம் கேட்டது. நாடக வாத்தியார் தலையை நீட்டி, "மகாராஜா எழுந்தருளியிருக்காரு" என்றார். சொல்லிவிட்டு, "ராணி வேஷக்காரன் மீசைய எடுக்க மாட்டேன்னு நிக்கிறான், அத என்னான்னு பாத்துட்டு வர்றேன்" என்று ஓடிப்போனார்.

குனிந்து உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது மாமாவே இல்லை. முகம் ரோஸ் நிறத்தில் பளபளத்தது. ஆட்டுமுடியைக் கறுப்பாக்கி ஒட்டின மீசை காது வரைக்கும் போயிருந்தது. தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளை அட்டையில் ஒட்டிச் செய்த கிரீடம். விளக்கு வெளிச்சத்தில் அது மின்னின மின்னலில் எங்கள் ஒற்றைக் காம்பராவே அரண்மனையாகத் தெரிந்தது. ராஜா பலகையில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் மூலையில் குந்திக்கொண்டார். லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே திறந்துதான் கிடக்கும். அந்தப் பக்கம் அக்கா தொண்டையைக் கனைத்தாள். தொடங்குடி என்று அர்த்தம்.

சோறு போட்டேன். பருப்பு ஊற்றினேன். உருளைக்கிழங்குக் கறி வைத்தேன். அக்கா இரண்டாம் தடவை கனைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா, மகாராஜா?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ராஜா நிமிர்ந்து பார்த்தார். அவர் முன்னால் என் வாயிலிருந்து நேராக வந்த முதல் பேச்சு அது. ஒரு நொடி கண் மிரண்டது. பிறகு மீசையைத் தடவிக்கொண்டு, "வை, பெண்ணே! தாராளமாக வை!" என்றார் மேடைக் குரலில்.

அந்தக் குரல் கேட்டதும் என் பயம் எங்கேயோ போய்விட்டது. நான் பேசுவது மாமாவிடம் இல்லையே!

"மகாராஜா, ஒங்கள ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்!"

"ஒரு பிரதானி மேல கோவம்னு அவரு பொஞ்சாதி புள்ளைங்கள அப்பிடிப் பண்ணச் சொன்னீங்களாமே. உரல்ல போட்டு... நெசந்தானா?"

"ஏய்!" என்றார் என் வீட்டுக்காரர் மூலையிலிருந்து.

ராஜா கையைத் தூக்கினார். "குடிமகள் கேட்கட்டும். ஆம், பெண்ணே. துரோகியின் குடும்பத்துக்கு அதுவே தண்டனை!"

"அந்தப் பச்சப் புள்ளைங்க என்னா துரோகம் பண்ணுச்சுங்க?"

ராஜா அப்பளத்தை நொறுக்கினார். வசனத்தில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை போலிருக்கிறது. பிறகு, "கோபத்தில் சபையிலே சொல்லிவிட்டேன்" என்றார். குரல் பாதியாகிவிட்டது. "சபையில அத்தன பேரு முன்னால சொன்னத ராஜா திருப்பி எடுக்க முடியுமா? எடுத்தா எவன் மதிப்பான்?"

இதை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து நான் கேட்டிருக்கிறேன். கோயில், கூட்டம், அத்தனை பேர். இவ்வளவு நாள் மலையில் நின்று பழகிப் பார்த்த பேச்சில் இந்த இடம் இல்லை. தானாகவே வாயில் வந்தது.

"திருப்பி எடுத்திருந்தா புள்ளைங்க பொழச்சிருக்கும். மகாராஜாவுக்கு மதிப்பு கொஞ்சம் கொறைஞ்சிருக்கும். அவ்வளவுதானுங்களே?"

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்தது.

ராஜா கோபப்படவில்லை. கோப்பையில் பாயாசம் ஊற்றினேன். குடிக்கும்போது மீசையின் ஒரு நுனி பாயாசத்தில் முங்கியது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். விட்டால் வாத்தியார் வந்துவிடுவாரே என்ற அவசரத்தில் அடுத்ததைக் கேட்டேன்.

"வெள்ளைக்காரன் ஒங்கள இந்தியாவுக்குக் கப்பல் ஏத்துனப்ப எப்பிடி இருந்துச்சு மகாராஜா? அது ஒங்க சொந்த ஊருப் பக்கந்தானே. சந்தோசமாப் போனீங்களா?"

"சொந்த ஊரா?" ராஜா சட்டென்று சொன்னார். "கைப்புள்ளையா இங்க வந்தவன் நான். அங்க எனக்கு யாரத் தெரியும்? எவனுக்கு என்னயத் தெரியும்?"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். மாமாவும் கைப்பிள்ளையாகத்தான் அவருடைய அப்பா தோளில் உட்கார்ந்து வந்தவர். ஊரைப் பற்றிக் கேட்டால் ஒரு கிணறு இருந்தது என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

"அங்க எங்க இருந்தீங்க?"

"கோட்டைக்குள்ள ஒரு காம்பரா குடுத்தான். சாகுற வரைக்கும் அங்கதான்."

"தனியாவா?"

"தனியா எதுக்கு?" ராஜாவுக்குத் திரும்பவும் வீறாப்பு வந்தது. நெஞ்சை நிமிர்த்தினார். "ராணிமாரக் கூட்டிக்கிட்டுல்ல கப்பல் ஏறினேன்! ராணிய இங்க விட்டுட்டு எந்த ராஜா..."

அதற்கு மேல் வரவில்லை. திறந்திருந்த கதவு வழியாக மேலே பார்த்தார். எங்கள் லயத்துக்கு மேலே டர்பன்டைன் மரங்கள் நிற்கிற இடத்தில்தான் மாமியாரைப் புதைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாமா அங்கே போய்ப் புல்லைச் செதுக்கிவிட்டு வருவார். சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். செம்பில் தண்ணீர் எடுத்து வைத்தேன். அரிதாரத்தில் கண்ணுக்குக் கீழே ஒரு கோடு கரைந்து இறங்கியதைப் பார்த்தேன். புகையாகவும் இருக்கலாம்.

மேளம் வந்துவிட்டது. வாத்தியார் உள்ளே வந்து, "ஐயையோ, முகத்த என்னா பண்ணி வச்சிருக்கீங்க மகாராஜா! மீசையெல்லாம் பாயாசம்!" என்று பதறித் துணியால் ஒற்றி எடுத்தார். ராஜா எழுந்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து, "விருந்து நன்றாக இருந்தது" என்றார்.

நாடகத்தில் கடைசிக் கட்டம் கப்பல். இரண்டு தேயிலைப் பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்கள். ராஜா தலை நிமிர்ந்து ஏறிவிட வேண்டும். மாமா ஒரு காலைத் தூக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார். திரைக்குப் பின்னாலிருந்து வாத்தியார், "ஏறுங்க... ஏறித் தொலைங்க!" என்று பல்லைக் கடித்தது முன்வரிசைக்குக் கேட்டது. ஜனம் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்த பிடியில் அவர் "விடுடி, வலிக்குது" என்றார்.

மறுநாள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற மஞ்சள் நீராட்டு. விடிந்ததும் மாமா குளித்து, கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். காதுக்குப் பின்னால் ரோஸ் நிறம் போகவில்லை. ஹட்டன் பஸ்ஸுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், ராஜாதான் போய்விட்டாரே. குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை.

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அக்கா மேட்டிலிருந்து ஓடி வந்தாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு, சறுக்கி, விழுந்து, எழுந்து வந்தாள்.

"அடியே! ஒங்க மாமா பஸ்ஸுக்குப் போகலடி! கோயில்ல நிக்கிறாரு!"

பந்தல் பிரிக்கிறவர்கள், கங்காணி, தோட்ட உத்தியோகஸ்தர் கண்டாக்கையா எல்லாரும் அங்கே இருந்திருக்கிறார்கள். மாமா நடுவில் போய் நின்று, "அன்னிக்கு இதே எடத்துல வச்சு ஒரு பேச்சுப் பேசினேன். அத நான் திருப்பி எடுத்துக்கிறேன். நாங்க போகல" என்றாராம். அதற்கு ஒருத்தன், "என்னா பெரியவரே, வேசம் கலைஞ்சதும் வீரமும் கலைஞ்சிருச்சா?" என்று கேட்டிருக்கிறான். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாமா அசையவில்லையாம். "ஆமாடா, கலைஞ்சிருச்சு. என் மதிப்புல ஒரு பங்கு கொறைச்சுக்க. போ" என்றாராம்.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். பீலிக்கரையில் அத்தனை பேர் பார்க்கச் சிரித்தேன். அப்படி ஒரு சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். யாரோ கொண்டுவந்திருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்து அக்கா தலையில் கொட்டினேன். அவள் என் தலையில் கொட்டினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரோடு பஸ் மாறி மாறி உடப்புசல்லாவைக்குப் போய் அம்மா மடியில் விழுந்தேன்.

மாமா அதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. நானும் அவரிடம் நேரே பேசியதில்லை. தங்கினதில் கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் ரொம்ப காலம் கிடந்தோம். ஆனால் அம்மா கண்ணை மூடினபோது அவள் தலை என் கையில் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராஜா கைப்பிள்ளையாகத்தான் இங்கே வந்தாரா, ராணிகளைக் கூட்டிக்கொண்டுதான் கப்பல் ஏறினாரா, அந்த உரல் சங்கதி நடந்ததா அல்லது ஆகாதவர்கள் கட்டிவிட்ட கதையா என்று எனக்குத் தெரியாது. நாடக வாத்தியார் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். ஒப்பந்தச் செய்தி வந்தது அந்தத் திருவிழாவுக்கு முன்னாலா, அதற்கு அடுத்த திருவிழாவுக்கு முன்னாலா என்பதிலும் இப்போது சந்தேகம் வருகிறது. புத்தகம் படித்தவர்கள் யாராவது பார்த்து, பிழை இருந்தால் திருத்தி வையுங்கள்.